சராசரியில் மறைந்த முக்கோணம்

வணக்கம் ஐயா,

நான் பட்டர்வொர்த்தில் ஆறாம் படிவம் படிக்கிறேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டைப் பலமுறை எடுத்து, சராசரி போட்டு, மீதிச் சிதறலைப் பிழை என்று எழுதச் சொல்கிறார்கள். நீங்களோ சென்ற கட்டுரையில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தில் ஈய அணுக்கருக்களை மோதவிடுகிறவர்கள் அந்தச் சிதறலையே ஆராய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிழையை ஏன் ஆராய வேண்டும்? இன்னொன்று, கட்டுரையைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். துகள்களுக்குள் தொடர்பு இருக்கிறதென்றால், அண்டத்தில் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது என்று சித்தர்கள் சொன்னது நிரூபணமாகிவிட்டது என்கிறார். சரியா?

அன்புடன்,
க., பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

உன் ஆசிரியர் சொல்வது சரி. ஊசலின் அலைவுநேரம் ஒன்றுதான், சிதறல் உன் கையிலிருந்தும் கடிகாரத்திலிருந்தும் வருகிறது. மோதல் அப்படியில்லை. கருவி துளிப் பிழையில்லாமல் அளந்தாலும் ஒரு மோதலில் பிறந்த துகள்களின் எண்ணிக்கை அடுத்த மோதலில் வராது. அந்த வேறுபாடு மோதலுக்கே உரியது, அதனால் அது ஏன் என்று கேட்கலாம்.

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலைய வாசலில் நின்று நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று எண்ணுகிறாய், சராசரி நூறு என்று வை. அவரவர் தன்போக்கில் வந்தால் அது பெரும்பாலும் பத்து கூடும், பத்து குறையும், அதாவது நூறின் வர்க்கமூலம் அளவுக்கு. ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளுக்கான பாய்சான் கணக்கு அப்படித்தான். ஒரு நிமிடம் இருபது, அடுத்த நிமிடம் முந்நூறு என்று வந்தால், ரயில் வந்து நிற்கிறது என்பதை நீ உள்ளே போகாமலே சொல்லிவிடலாம். சராசரி மட்டும் பார்த்தவனுக்கு ரயில் இருப்பதே தெரியாது. 1980-களில் செர்னில் புரோட்டானையும், அதன் எதிர்மின் இணையான எதிர்புரோட்டானையும் மோதவிட்டு ஆராய்ந்த யுஏ5 குழுவுக்கும் துகள் எண்ணிக்கை பாய்சான் கணக்கைவிட மிக அகலமாகப் பரவியிருப்பதுதான் தெரிந்தது. துகள்கள் ஒன்றையொன்று சாராமல் பிறப்பதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது முக்கோணத்தின் கதை. இரண்டு தங்க அணுக்கருக்கள் சற்றே விலகி மோதும்போது, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி நீள்வட்டமாக இருக்கும், அதன் குறுகிய பக்கமாகத் துகள்கள் அதிகம் பாயும். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவனில் 2000-இல் தொடங்கிய ரிக் மோதுவியில் இந்தப் பாய்ச்சலை அளந்தார்கள். அங்கே உண்டாகும் குவார்க்-குளுவான் பிளாஸ்மா, அதாவது புரோட்டானும் நியூட்ரானும் உருகி அவற்றின் உட்கூறுகள் கலந்து கிடக்கும் குழம்பு, ஏறக்குறைய உராய்வே இல்லாத நீர்மமாக ஓடுகிறது என்று 2005-இல் அறிவித்தபோது அது முக்கியச் சான்றாக இருந்தது. ஆனால் அணுக்கருவை வழவழப்பான உருண்டையாகவே நினைத்துக் கணக்குப் போட்டதால், சமச்சீரில் முக்கோண ஓட்டத்துக்கு இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். துகள்களை ஜோடி ஜோடியாக எடுத்துக் கோண வித்தியாசம் பார்த்தபோதோ, வரைபடத்தில் பூஜ்யக் கோணத்தருகே ஒரு நீண்ட மேடும் எதிர்ப்புறத்தில் இரட்டைத் திமிலும் நின்றன. ஒலியை மிஞ்சிப் பாயும் துகள் எழுப்பும் அதிர்வலை என்றுகூட விளக்கம் எழுதப்பட்டது.

2010-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புராக் ஆல்வரும் குந்தர் ரோலண்டும் எளிய ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். தங்க அணுக்கருவில் 79 புரோட்டான், 118 நியூட்ரான், அவ்வளவுதான். மோதும் கணத்தில் அவை எங்கெங்கே இருக்கின்றனவோ அதைப் பொறுத்து மோதல் பகுதி மேடுபள்ளமாக, சில வேளை முக்கோணமாகவே அமையும். மேடும் திமிலும் பெருமளவு அதற்குள் அடங்கிவிட்டன. முக்கோணம் ஒவ்வொரு மோதலிலும் வேறு திசை பார்த்து நிற்பதால், லட்சம் மோதல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி போட்டால் அழிந்தே போகும். ஒவ்வொரு மோதலுக்குள்ளும் ஜோடிகளைப் பார்த்துவிட்டு அப்புறம் சராசரி எடுத்தால்தான் கிடைக்கும். பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வு, அதிகமான நீர்மமாக இருந்தால் அந்த முக்கோணம் வழியிலேயே கலைந்திருக்கும், கலையாமல் நமக்கு வந்து சேர்ந்ததிலிருந்து பாகுநிலை எவ்வளவு குறைவு என்று கணக்கிடுகிறார்கள். ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு கூறை மறுபடி நூறு கோடியாகப் பிரித்தாலும் அதைவிடக் குறைவாக வாழ்கிற ஒரு பொருளைப் பற்றி இதைச் சொல்ல முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ரிக்கில் வேறொரு தேடலும் நடந்தது. ஆற்றலைப் படிப்படியாக மாற்றி, புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து எதிர்புரோட்டான் எண்ணிக்கையைக் கழித்து, அது மோதலுக்கு மோதல் எப்படி ஆடுகிறது என்று பார்த்தார்கள். அந்தப் பிளாஸ்மாவுக்கும் சாதாரண அணுக்கருப் பொருளுக்கும் இடையிலான மாற்றத்தில் மாறுநிலைப் புள்ளி, அதாவது திடீர் மாற்றம் படிப்படியான மாற்றமாகும் இடம், ஒன்று இருந்தால் அதனருகே ஏற்ற இறக்கம் பெருக வேண்டும்.

தாத்தாவிடம் என் வணக்கத்தைச் சொல். ஆனால் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இங்கே தொடர்பு என்பது காரணம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய, அளவுள்ள ஒன்று. ரோ மேசான் என்ற குறை ஆயுள் துகள் ஒன்று சிதைந்து, பயான் என்ற இலேசான துகள்கள் இரண்டாகும், அவை இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அதனால் தொடர்பு. நேர்மின் பிறந்தால் எதிர்மின்னும் பிறந்தாக வேண்டும், அது இன்னொரு தொடர்பு. இவற்றையெல்லாம் பிரித்தறிந்த பிறகுதான் ஓட்டத்தைப் பற்றிப் பேசவே முடியும். எல்லாம் எல்லாவற்றோடும் பின்னியிருக்கிறது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், எந்தத் தொடர்பு எதனால் என்று கேட்கவே தோன்றாது. சித்தர் பாடல்களை அவற்றுக்காகவே வாசிக்கலாம், நானும் வாசிக்கிறேன். ஈய மோதலின் சான்று அவற்றுக்குத் தேவையில்லை.

உனக்குக் கணினியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நீயே செய்து பார்க்கலாம். நம் மலாயாப் பல்கலைக்கழகமும் பங்குபெறும், செர்னின் மோதல்களை அளக்கும் சிஎம்எஸ் குழு தன் தரவுகளில் ஒரு பகுதியைச் செர்னின் திறந்த தரவுத் தளத்தில் எல்லாருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரே மோதலின் துகள் ஜோடிகளைக் கோண வித்தியாச வாரியாக எண்ணு. பிறகு ஒரு துகளை ஒரு மோதலிலிருந்தும் மற்றதை இன்னொரு மோதலிலிருந்தும் எடுத்து ஜோடி சேர்த்து எண்ணு, அந்த ஜோடிகளுக்குள் உண்மையான தொடர்பு இருக்கவே முடியாது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கருவியின் கோணல்கள் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மிக அருகருகே ஓடும் இரண்டு தடங்களைக் கருவி ஒன்றாக எண்ணிவிடுவதுண்டு, அதனால் பூஜ்யக் கோணத்தில் பள்ளம் தெரிந்தால் முதலில் அதைச் சந்தேகப்படு. வரைபடம் வந்ததும் எனக்கு அனுப்பு.