ஆராதனையில் வேட்பாளருக்கு ஆதரவு கேட்கலாமா?

கேள்வி: நான் எங்கள் சேகரக் கமிட்டியின் செயலர். எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறார். ஞாயிறு ஆராதனையில் அவரை முன்னால் அழைத்து ஜெபித்து, "நம்ம சபைப் பிள்ளை, எல்லாரும் ஆதரவு கொடுங்க" என்று அறிவிக்கக் கமிட்டியில் பேச்சு நடக்கிறது. ஆலயச் சுற்றுச்சுவருக்குப் பணம் தருவதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். இது சரிதானா? கிறிஸ்தவர் என்பதற்காகவே அவருக்கு ஓட்டுப் போட வேண்டுமா?
– தூத்துக்குடி மாவட்ட வாசகர்

பதில்: அறிவிப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். அந்த அறிவிப்பால் முதலில் அடிபடப்போவது உங்கள் வேட்பாளர்தான்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3), மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதமும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. கேட்பது வேட்பாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் சம்மதத்தோடு வேறொருவர் கேட்டாலும் போதும். அவரையே பக்கத்தில் நிறுத்திக்கொண்டு குருவானவர் ஆதரவு கேட்டால், சம்மதம் இல்லை என்று பிறகு எப்படி வாதாடுவது? முடிவு அறிவித்த 45 நாளுக்குள் தோற்றவர் தேர்தல் வழக்குப் போடலாம். யாரோ கைப்பேசியில் எடுத்த வீடியோ சாட்சியாக வந்து நிற்கும். வெற்றியே செல்லாது என்று ஆகிவிடலாம். தேர்தலில் நிற்க ஆறு ஆண்டு வரை தடையும் வரலாம்.

"இவருக்குப் போடாவிட்டால் தேவகோபம் வரும்" என்கிற மாதிரிப் பேச்சு இன்னும் மோசம். கடவுளின் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதைப் பிரிவு 123(2) தனியாகவே குறிப்பிடுகிறது. பஞ்சாபில் நாம்தாரி சீக்கியர்களின் குரு இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று கட்டளை அனுப்பிய வழக்கில், 1959-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தகாத செல்வாக்கு என்றுதான் சொன்னது.

அப்புறம், உங்கள் விஷயம். மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சபைகளில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆலய வளாகத்தை அரசியல் வேலைக்கு விடக்கூடாது, ஆலயப் பணத்தைக் கட்சிக்குச் செலவிடக்கூடாது என்கிறது அது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நிர்வாகத்தில் இருக்கும் யாரும் பொறுப்பாளிதான். சேகரச் செயலரும் தப்ப முடியாது. எல்லா வேட்பாளர்களையும் அழைத்துக் கேள்வி கேட்க ஆசையா? நல்ல காரியம். ஆனால் ஆலய வளாகத்தில் வேண்டாம், ஊரில் பொது மண்டபம் எடுங்கள்.

சுவர்ப் பணம் வாக்குக்காகத் தரப்படுகிறது என்றால் லஞ்சம். கையில் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை, தருவதாகச் சொன்னாலே போதும். தேர்தல் முடிந்த பிறகும் கொடுக்க மனமிருந்தால் மற்ற அங்கத்தினர்களைப் போல ரசீதோடு காணிக்கை போடட்டும்.

ஜெபிக்கலாமா என்றால், தாராளமாக. அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறார் பவுல் (1 தீமோத்தேயு 2). அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. அதனால் தொகுதியில் நிற்கும் எல்லாருக்காகவும் ஜெபியுங்கள், பெயர் சொல்லாமல்.

கிறிஸ்தவருக்கே போட வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. பெர்சிய ராஜா கோரேசைக் கர்த்தர் 'அபிஷேகம்பண்ணினவர்' என்கிறது ஏசாயா 45. அவர் இஸ்ரவேலரே அல்ல. மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்ன அளவுகோல் (யாத்திராகமம் 18:21) எனக்குப் பிடித்தது: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுப்பது. தேவபயத்தை நாம் அளக்க முடியாது. மற்றவற்றைக் கொஞ்சம் சோதிக்கலாம். ஒவ்வொரு வேட்பாளரும் வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும்; தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். போன தேர்தலிலும் நின்றவர் என்றால் அப்போதைய சொத்துக் கணக்கையும் இப்போதையதையும் சேர்த்துப் பாருங்கள். சபைப் பிள்ளைக்கும் இதே சோதனைதான்.

அவர் தேறினால் தனி ஆளாக வீடு வீடாகப் போய் அவருக்கு வாக்குக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் சபையின் பெயரைச் சொல்லியோ, சேகர வாட்ஸாப் குழுவிலோ வேண்டாம். ஞாயிறு அவர் ஆராதனைக்கு வந்தால் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரட்டும். கட்சித் துண்டை மட்டும் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.