பின்கன்ட்ரோல் பேட்ச் ரிவ்யூ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

லினக்ஸ் கெர்னலுக்கான புதிய பின்கன்ட்ரோல் டிரைவர் (சிப்பின் கால்களான பின்கள் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்ய வேண்டும் என்று அமைக்கும் நிரல்) ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. முக்கால்வாசி பின் அட்டவணைதான். வரிவரியாகப் பார்க்கத்தான் வேண்டுமா?

முதலில் லாஜிக்கைப் படித்து முடியுங்கள். அப்புறம் டேட்டாஷீட்டை (சிப் தயாரிப்பாளர் தரும் விவர ஏட்டை) திறந்து வைத்துக்கொண்டு அட்டவணைக்கு வாருங்கள். ஒவ்வொரு பேங்கின் (பின் தொகுப்பின்) முதல் பின், கடைசிப் பின், நடுவில் எண் விட்டுப்போகும் இடங்கள்: இவற்றைக் கட்டாயம் ஒப்பிட வேண்டும். பழைய சிப்பின் டிரைவரிலிருந்து நகலெடுத்திருந்தால், ஓரிடத்தில் ஒரு பின் தள்ளிப்போனாலும் அதற்கடுத்தவை எல்லாமே தவறாகிவிடும். கம்பைலர் வாயே திறக்காது.

பின்னை அவுட்புட்டாக மாற்றும் ஃபங்ஷனில் முதலில் திசையையும் (இன்புட்டா அவுட்புட்டா என்பது) பிறகு மதிப்பையும் (0 அல்லது 1) எழுதியிருக்கிறார்கள். போர்டில் நன்றாக ஓடுகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நான் மிகவும் கறாராக இருக்கும் இடம் இது. திசை மாறிய கணத்தில், ரிஜிஸ்டரில் (சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடத்தில்) முன்பு கிடந்த மதிப்பு கம்பியில் வெளியே போகும். மைக்ரோசெகண்ட் அளவுதானே என்பார்கள். ஆனால் அந்தப் பின் இன்னொரு சிப்பின் ரீசெட் கம்பியாக இருந்தால், அந்தச் சிறு துடிப்பிலேயே அந்தச் சிப் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடலாம். பழைய மதிப்பும் புதிய மதிப்பும் தற்செயலாக ஒன்றாக இருந்ததால்கூட உங்கள் போர்டில் ஓடியிருக்கலாம். முதலில் மதிப்பு, பிறகு திசை என்று மாற்றச் சொல்லுங்கள். சில வன்பொருளில் இன்புட் நிலையில் எழுதும் மதிப்பு பதிவாகாது. அப்படியானால் அந்தக் காரணம் கமென்டில் இருக்கட்டும்.

ஒவ்வொரு பின்னும் வேறு வேறு டிரைவருக்குச் சொந்தம். அப்படியிருக்க லாக் (ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் மாற்றவிடும் பூட்டு) எதற்கு?

பின் வேறு, ரிஜிஸ்டர் ஒன்றே. பின்னுக்கு 2 பிட் என்றால் 32 பிட் ரிஜிஸ்டரில் 16 பின்கள் இருக்கும். படித்து, மாற்றி, திரும்ப எழுதுவதற்குள் இன்னொரு சிபியு புகுந்தால் ஒருவருடைய மாற்றம் காணாமல் போகும். இன்டரப்ட் சிப் கால்பேக்குகளும் (வன்பொருள் குறுக்கீடுகளைக் கையாளக் கெர்னல் அழைக்கும் ஃபங்ஷன்கள்) அதே லாக்கை எடுத்தால் ரா ஸ்பின்லாக்தான் (தூங்காமல் காத்திருக்கும் லாக்) வேண்டும். ரியல்டைம் கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக் தூங்கக்கூடியது; அந்தக் கால்பேக்குகளுக்குள் தூங்கக் கூடாது.

கான்ஃபிக் கெட் ஃபங்ஷன் (பின்னின் இப்போதைய அமைப்பைக் கேட்டறிய உதவுவது) எல்லாவற்றுக்கும் ஈஇன்வால் (EINVAL) என்ற பிழைக்குறியீட்டைத் திருப்பித் தருகிறது. சரியா?

சரியில்லை. வசதி இருக்கிறது, ஆனால் இப்போது அணைந்திருக்கிறது என்றால் ஈஇன்வால். வசதியே இல்லை என்றால் ஈநாட்சப் (ENOTSUPP).

டிரைவரின் புரோப் ஃபங்ஷன் (சாதனத்தை டிரைவர் முதலில் இயக்கத் தயார் செய்வது) பின்களின் ‘டிஃபால்ட்’ நிலையைத் தானே தேர்ந்தெடுக்கிறது. தேவையா?

தேவையில்லை. புரோபை அழைக்கும் முன்பே டிரைவர் கோர் (எல்லா டிரைவர்களுக்கும் பொதுவான கெர்னல் பகுதி) அதைச் செய்துவிடுகிறது. அந்த வரிகளை நீக்கச் சொல்லுங்கள்.