ஆபீஸில் பெண்ணுக்குப் பெண் துணை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், ஆள் பெயரும் ஆபீஸ் பெயரும் வந்த இடங்களில் எடுத்துவிட்டேன். நான் பல வருடம் டீம் நடத்தியவள், பதவி உயர்வு முடிவாகும் மீட்டிங்குகளில் உட்கார்ந்தவள், அப்புறம் மென்டாரிங் திட்டம் (அனுபவமுள்ளவர் இளையவருக்கு வழிகாட்டும் ஏற்பாடு) ஒன்றையும் பார்த்துக்கொண்டவள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் பிரிவில் ஒரு சீனியர் மேடம் இருக்கிறார். "எனக்கு மென்டாராக இருப்பீர்களா" என்று அவரிடம் எப்படிக் கேட்பது? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அப்படிக் கேட்கவே வேண்டாம். அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நாள், எதற்கெல்லாம் பொறுப்பு என்று எதுவும் தெரியாது, அதனால்தான் நல்ல மனசுள்ளவர்கள்கூட "பார்க்கலாம்மா" என்று நகர்ந்துவிடுகிறார்கள். சின்னதாக, ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "மேடம், போன வாரம் அந்த கிளையன்ட்டிடம் வேலை தாமதமாகும் என்பதை நீங்கள் சொன்ன விதத்தைக் கவனித்தேன். வியாழக்கிழமை எனக்கும் அதே மாதிரி ஒரு பேச்சு இருக்கிறது. என்ன பேசப்போகிறேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். இருபது நிமிடம் பார்த்து எங்கே பலவீனமாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியுமா?"

இதற்கு முடியாது என்று சொல்பவர்கள் குறைவு. அதைவிட முக்கியம் வியாழக்கிழமை சாயங்காலம். "நீங்கள் சொன்னபடி தேதியை முதலிலேயே சொல்லிவிட்டேன், அவர்கள் கோபப்பட்டார்கள், ஆனால் பத்து நிமிடத்தில் அடுத்த விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்" என்று இரண்டு வரி அனுப்புங்கள். பெரும்பாலானவர்கள் அறிவுரை வாங்கிக்கொண்டு போனால் போனதுதான், என்ன ஆனது என்று சொல்வதே இல்லை. சொல்கிறவரை யாரும் மறப்பதில்லை. இப்படி மூன்று நான்கு முறை நடந்துவிட்டால் அவர்தான் உங்கள் மென்டார், யாரும் அறிவிக்கத் தேவையில்லை.

எனக்கு மென்டார் இருக்கிறார், மாதா மாதம் பேசுகிறோம், ரொம்ப அன்பானவர். ஆனால் வருஷங்கள் ஓடுகின்றன, நான் அதே பதவியில்தான் இருக்கிறேன். எங்கே தப்பு?

இந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்கு விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதே கதை பத்து பேரிடமிருந்து வந்திருக்கிறது.

உங்களோடு பேசுகிறவர் ஒருவர், உங்களைப் பற்றிப் பேசுகிறவர் இன்னொருவர். முதல் ஆள் மென்டார், இரண்டாவது ஆள் ஸ்பான்சர். ஹெர்மினியா இபாரா, நான்சி கார்ட்டர், கிறிஸ்டின் சில்வா என்ற மூன்று பேர் 2010ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் சொன்னது: பெண்களுக்கு மென்டார்கள் ஆண்களுக்குக் குறையாமல் கிடைக்கிறார்கள், ஆனால் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி "இவருக்குக் கொடுங்கள்" என்று மேலே சொல்லும் ஆள் குறைவாகவே கிடைக்கிறார், பதவி உயர்வில் வித்தியாசம் வருவது அங்கேதான்.

அந்த மீட்டிங் எப்படி நடக்கும் என்று தெரிந்தால் இது புரியும். மேஜையைச் சுற்றி ஏழெட்டு மேனேஜர்கள். ஒரு பெரிய பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் சில நிமிடம்தான். உங்கள் மேனேஜர் உங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார், அப்புறம் மற்றவர்களைப் பார்ப்பார். "ஆமாம், நான் அவரோடு வேலை பார்த்திருக்கிறேன், கொடுக்கலாம்" என்று இன்னொரு குரல் வந்தால் பெயர் மேலே போகும். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் "அடுத்த தடவை பார்க்கலாம்". உங்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லாமலேயே இது நடக்கும்.

அதனால் அடுத்த மாதம் உங்கள் மென்டாரைப் பார்க்கும்போது பொதுவான பேச்சை விட்டுவிட்டு நேராகக் கேளுங்கள்: "இந்தச் சுற்றில் என் பெயர் வந்தால் யார் என்ன சொல்லி மறுப்பார்கள்? அந்த இடத்தில் நீங்கள் இருப்பீர்களா? எனக்காகப் பேச உங்களுக்கு என்ன வேண்டும்?" அவர் அந்த மீட்டிங்கில் இல்லை என்றால், அங்கே இருக்கிற ஒருவரோடு சேர்ந்து செய்கிற மாதிரி ஒரு வேலையை உங்களுக்கு வாங்கித்தரச் சொல்லுங்கள். வேலையைப் பார்த்த ஆள்தான் பேச முடியும்.

பேசுவதற்குச் சரக்கும் கையில் கொடுக்க வேண்டும். "கடினமாக உழைப்பவர், எல்லோரோடும் ஒத்துப்போகிறவர்" என்று எழுதினால் காதில் நிற்காது. "மாதக் கணக்கு முடிக்க ஒன்பது நாள் ஆனது, இவர் வந்தபிறகு நாலு நாளில் முடிகிறது, அந்த முறையை இன்னும் இரண்டு டீம்கள் எடுத்துக்கொண்டன" என்று இருந்தால் அதை அப்படியே திருப்பிச் சொல்லலாம். ஷெல்லி கோரலும் கரோலின் சிமார்டும் 2016ல் எழுதினார்கள்: அப்ரைசலில், அதாவது வேலை மதிப்பீட்டு அறிக்கையில், பெண்களுக்குப் பாராட்டாக இருந்தாலும் மொட்டையாக எழுதுகிறார்கள், எந்த வேலையால் எந்தப் பலன் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஒருவருக்கு அப்ரைசல் எழுதும் இடத்தில் இருந்தால் இன்றைக்கே உங்கள் வரிகளை எடுத்துப் படித்துப் பாருங்கள், தயவுசெய்து.

பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பது சரிதானே? எங்கள் மேனேஜர் பெண்தான். ஆண்களிடம் சிரித்துப் பேசுவார், எங்களிடம் மட்டும் கெடுபிடி.

உங்களுக்கு நடப்பது உண்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பழமொழியை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஆண் மேனேஜர் ஒருவர் ஆண்களை வறுத்தெடுத்தால் அவர் கண்டிப்பானவர் என்று சொல்லி விட்டுவிடுகிறோம், ஆணினத்தின் குணமாக யாரும் பார்ப்பதில்லை.

மேலே வந்த சில பெண்கள் மற்ற பெண்களைத் தள்ளி வைப்பதை 1974லேயே ஆய்வாளர்கள் ராணித் தேனீ என்று பெயர் வைத்துப் பேசினார்கள். பிறகு நெதர்லாந்தில் பெல்லே டெர்க்ஸ் குழுவினர் செய்த ஆய்வுகளில் ஒரு விஷயம் தெளிவானது. பெண் என்பதற்காகவே வேலையிடத்தில் மட்டம் தட்டப்பட்டவர்களிடம்தான், அதிலும் தன்னைப் பெண்களோடு அதிகம் சேர்த்துப் பார்க்காதவர்களிடம்தான், இந்த நடத்தை தலைதூக்குகிறது. அதாவது அந்த இடம் அவரை அப்படி ஆக்கியிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு மட்டும்தான் மேலே நாற்காலி என்று நடத்துகிற ஆபீஸில் இரண்டாவது பெண் போட்டியாகத்தான் தெரிவாள்.

காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பொறுத்துப்போக வேண்டியதில்லை. தேதி போட்டு எழுதி வையுங்கள், வழிகாட்டுதலுக்கு வேறு பிரிவில் ஆள் தேடுங்கள், இவரிடம் வேலையை மட்டும் பேசுங்கள். ஒரே ஒரு முறை, தனியாக, "இந்த இடத்துக்கு வர நீங்கள் என்னவெல்லாம் தாண்டினீர்கள்" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியால் இளகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இளகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அவரைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை.

மீட்டிங்கில் நான் சொன்னால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒரு ஆண் சொன்னால் "அருமையான யோசனை". என்ன செய்ய?

தனியாக ஒன்றும் செய்யாதீர்கள், இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒபாமா பதவிக்கு வந்த புதிதில் அவருடைய மூத்த உதவியாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். அங்கே இருந்த பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, ஒருத்தி ஒரு யோசனை சொன்னால் இன்னொருத்தி உடனே அவள் பெயரைச் சொல்லி அதைத் திரும்பச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் ஒபாமாவே அதைக் கவனித்து, பெண்களையும் இளையவர்களையும் அதிகமாகக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க ஆரம்பித்தார் என்று 2016ல் செய்தி வந்தது.

இதற்கு யார் அனுமதியும் வேண்டாம், பதவியும் வேண்டாம். மீட்டிங்குக்கு முன்னால் தோழியிடம் "நான் இன்றைக்கு ஸ்டாக் விஷயம் பேசப்போகிறேன், காதில் விழாத மாதிரி போனால் பிடித்துக்கொள்" என்று சொல்லிவையுங்கள். அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "கொஞ்சம் முன்னால் இவர் சொன்னாரே, அதை முடிக்காமல் விட்டுவிட்டோம், நீங்கள் தொடருங்கள்." சண்டை இல்லை, குறை சொல்லலும் இல்லை. அடுத்த வாரம் நீங்கள் அவருக்குச் செய்யுங்கள். அப்புறம் மினிட்ஸில், அதாவது மீட்டிங் குறிப்பில், யோசனைக்குப் பக்கத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

மென்டார் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமும் தொடர்பு வேண்டும், பல இடங்களில் அது ஆண்தான். ஆனால் பெண்கள் வட்டமும் வேண்டும். மேலாண்மை படித்து முடித்த மாணவர்களைப் பற்றி பிரையன் உஸ்ஸியும் சக ஆய்வாளர்களும் 2019ல் வெளியிட்ட ஆய்வில், பெரிய தலைமைப் பொறுப்புகளுக்குப் போன பெண்களுக்குப் பரந்த தொடர்பும் இருந்தது, கூடவே நெருக்கமான பெண்கள் சிலரின் வட்டமும் இருந்தது. எந்த நிறுவனம் பெண்களை எப்படி நடத்தும் என்பதெல்லாம் அந்த வட்டத்தில்தான் தெரியவரும்.

நான் நாலைந்து ஜூனியர் பெண்களுக்கு வழிகாட்டுகிறேன். பிறந்தநாள் கேக், மினிட்ஸ், புதியவர்களுக்கு இடம் காட்டுவது எல்லாமே என் தலையில். என் வேலை கெடுகிறது. சொன்னால் சுயநலம் என்பார்களோ?

சொல்லட்டும். லிண்டா பாப்காக், மரியா ரெகால்டே, லிசே வெஸ்டர்லண்ட், லாரி வைங்கார்ட் நடத்திய சோதனைகளை 2017ல் வெளியிட்டார்கள். யாருக்கும் பிடிக்காத, ஆனால் யாராவது ஒருவர் செய்தே ஆகவேண்டிய வேலைக்கு ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுவில் ஆண்கள் நன்றாகவே முன்வந்தார்கள்! ஆக இது பெண்களின் சுபாவம் இல்லை, பெண் இருந்தால் அவள் செய்வாள் என்ற எதிர்பார்ப்பு.

கேக்கையும் மினிட்ஸையும் முறை வைத்துப் பிரித்துக்கொடுங்கள். மென்டாரிங்கை மட்டும் விடாதீர்கள், ஆனால் அதை உங்கள் வருட இலக்கில் எழுத வையுங்கள். "இத்தனை பேருக்கு வழிகாட்டுகிறேன், அதில் ஒருவர் இப்போது தனியாக ப்ராஜெக்ட் பார்க்கிறார்" என்பது டீமை வளர்க்கிற வேலை, மேனேஜருக்கான வேலை. அதை மறைவில் செய்தால் சேவை, எழுத்தில் வந்தால் தகுதி. நாலைந்து பேர் அதிகம் என்றால் இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டு மற்றவர்களுக்கு வேறு ஆள் பிடித்துக்கொடுங்கள்.

எனக்கு அனுபவம் குறைவு. நான் யாருக்காவது மென்டாராக முடியுமா?

தாராளமாக. அமெரிக்க நிறுவனங்களைப் பார்த்து மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் லீன்இன் என்ற பெண்களுக்கான அமைப்பும் 2019ல் வெளியிட்ட கணக்கில், முதல்முறை மேனேஜரான 100 ஆண்களுக்கு 72 பெண்கள்தான் இருந்தார்கள். பெண்கள் விழுவது மேலே போய் இல்லை, முதல் படியிலேயே. அந்தப் படியை இப்போதுதான் தாண்டியவருக்குத்தான் எந்த ஃபார்ம், யாரிடம் கையெழுத்து, இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் ஞாபகம் இருக்கும். உயர் அதிகாரிக்கு அதெல்லாம் மறந்தே போயிருக்கும்.

சம்பளத்தைத் தோழிகளோடு பேசலாமா?

பேசுங்கள். தொகை சொல்லக் கூச்சமாக இருந்தால் "இந்தப் பதவிக்கு இதிலிருந்து இதுவரை" என்று வீச்சைச் சொல்லுங்கள். வேலை மாறுகிற பெண்ணுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறு இல்லை.

என் டீமில் ஒரு பெண் மகப்பேறு விடுப்பு முடிந்து வருகிறார். அவருக்குப் பாரம் கொடுக்கக் கூடாது என்று சுலபமான வேலை ஒதுக்கியிருக்கிறேன். சரிதானே?

நல்ல மனசோடுதான் செய்திருக்கிறீர்கள், ஆனால் அவரைக் கேட்டீர்களா? "குழந்தை சின்னது, பாவம், வெளியூர் வேலை அவளுக்கு வேண்டாம்" என்று மற்றவர்கள் முடிவு செய்துதான் நிறைய பேருடைய வளர்ச்சி நின்றுபோகிறது. கோரல், பெனார்ட், பைக் மூவரும் 2007ல் வெளியிட்ட சோதனையில், தகுதியில் சமமான கற்பனை விண்ணப்பங்களைக் கொடுத்தபோது, தாய் என்று தெரிந்த பெண்ணைத் திறமை குறைந்தவராக மதிப்பிட்டு, தொடக்கச் சம்பளத்தையும் குறைத்துச் சொன்னார்கள். தந்தை என்று தெரிந்த ஆணுக்கு எந்த இழப்பும் இல்லை.

அவர் வந்ததும் இரண்டு வழிகளையும் முன்னால் வையுங்கள்: இந்த வேலை சுலபம், அந்த வேலை பெரியது, எது வேண்டும், எப்போதிலிருந்து? சுலபமானதைக் கேட்டால் எத்தனை மாதம் என்று பேசி, தேதி குறித்து, அந்தத் தேதியில் நீங்களே மறுபடி கேளுங்கள். அவர் இல்லாத மீட்டிங்கில் யாராவது அவருக்காக முடிவெடுத்தால் "அவரையே கேட்டுவிடலாமே" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும், ஆனால் அதைச் சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று அக்கா. திட்டத்தில் எனக்கு ஒதுக்கிய மென்டாரோடு ஒத்துவரவில்லை. மனம் நோகாமல் எப்படி விலகுவது?

மூன்றாவது சந்திப்புக்குள் தெரிந்துவிடும், இழுக்க வேண்டாம். பதில் போடாமல் மறைவது மட்டும் கூடாது. அவரிடமிருந்து உண்மையிலேயே கிடைத்த ஒன்றைச் சொல்லுங்கள், பிறகு "எனக்கு இப்போது விற்பனைப் பக்கம் அனுபவமுள்ளவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் என் பெயரைச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கும் நிம்மதியாக இருக்கும், உங்களுக்கும் ஒரு அறிமுகம் கிடைக்கும். திட்டத்தை நடத்துகிறவரிடம் அதே நாளில் ஒரு வரி தெரிவித்துவிடுங்கள், இல்லையென்றால் பட்டியலில் இருவர் பெயரும் ஜோடியாகவே கிடக்கும், வேறு யாருக்கும் அவரை ஒதுக்க மாட்டார்கள்.