இடங்களுக்கா, மனிதர்களுக்கா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டார நிதி பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 2021 முதல் 2027 வரைக்கும் ஏறத்தாழ 39,200 கோடி யூரோ. ஒன்றியத்தின் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவையும் பின்தங்கிய பகுதிகளுக்கு அள்ளிக் கொடுத்து என்ன கண்டார்கள்? தெற்கு இத்தாலியில் 1950 முதல் கொட்டுகிறார்கள். இன்றும் அங்கே தலைக்கு உற்பத்தி வடக்கின் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. ஓர் ஊரில் வேலை இல்லையென்றால் வேலை இருக்கும் ஊருக்கு மனிதன் போகட்டுமே. அதற்கு வேண்டிய படிப்பையும் வழிச்செலவையும் அவன் கையில் கொடுத்தால் போதாதா? இடங்களைக் காப்பாற்றுவது அரசின் வேலையா? 2028 முதல் இந்த நிதியை விவசாய நிதியோடு சேர்த்து ஒவ்வொரு நாட்டின் கையிலும் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே சொல்கிறதாம். தோல்வியை ஒப்புக்கொள்வதுதானே அது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியைக் கடைசியிலேயே வைத்துக்கொள்வோம். ‘அள்ளிக் கொடுத்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்துதான் எனக்கு உங்களோடு வழக்கு.

இந்தப் பணம் பெரிதானது 1988-ல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1992 முடிவதற்குள் எல்லைகளில்லாத ஒரே சந்தையாக ஆகிவிடுவது என்று உறுப்பு நாடுகள் கையெழுத்திட்டிருந்தன. சுங்கச் சுவரை எடுத்துவிட்டால் முதலீடும் திறமையும் எங்கே போகும்? ஏற்கனவே தொழிற்சாலையும் துறைமுகமும் வங்கியும் இருக்கும் இடத்துக்குத்தான். ஸ்வீடனின் பொருளியலாளர் குன்னார் மிர்தால் 1950-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: சந்தையை அதன் போக்கில் விட்டால் வளர்ந்த வட்டாரம் பக்கத்து வட்டாரத்தின் இளைஞர்களையும் சேமிப்பையும் இழுத்துக்கொள்ளும். கிரேக்கம், ஸ்பெயின், போர்ச்சுக்கல், அயர்லாந்து நான்கும் இந்த ஆபத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேரத்துக்கு உட்கார்ந்தன. ஜாக் டெலோர் தலைமையிலான ஆணையம் வட்டார நிதியை 1993-க்குள் இரட்டிப்பாக்கியது அந்தப் பேரத்தின் விளைவு. ஜெர்மனியின் கார் நிறுவனத்துக்கு லிஸ்பன் வரை சந்தை திறந்தது. அதற்கு ஜெர்மனி கொடுத்த விலையில் ஒரு பகுதி இந்த நிதி. இதைத் தானமாகப் பார்த்தால், வாங்கியவன் உருப்பட்டானா என்ற கேள்வி மட்டுமே எழும். கொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது என்பது கணக்கிலேயே வராது.

சரி, உருப்பட்டார்களா? போலந்து 2004-ல் சேரும்போது அதன் தனிநபர் ஜிடிபி, விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகும், ஒன்றிய சராசரியில் பாதி. இன்று ஐந்தில் நான்கு பங்கை ஒட்டி வந்துவிட்டது. கிரேக்கம் நேர் எதிர்த்திசை. 2009-ல் சராசரியைத் தொடும் தூரத்தில் இருந்த நாடு இப்போது 70 சதவீதத்தின் அருகே நிற்கிறது. இரண்டுமே இதே நிதியைத் தாராளமாகப் பெற்ற நாடுகள். ஆகவே ‘பணம் கொடுத்தால் வளரும்’ என்பதையும் ‘பணம் கொடுத்தால் வீண்’ என்பதையும் இந்த எண்களை வைத்து நிரூபிக்க முடியாது.

தெற்கு இத்தாலியைப் பற்றி நீங்கள் சொல்வது பாதிதான் சரி. 1950-ல் தெற்குக்காகத் தனியாக ஒரு நிதியத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் இருபது ஆண்டுகளில் குடிநீர்க் குழாய், வடிகால், சாலை, பாசனம் என்று வேலை நடந்தது. இத்தாலி ஒன்றான பிறகு தெற்கு வடக்கை உண்மையிலேயே நெருங்கிய காலம் அது ஒன்றுதான். 1970-களின் நடுவில் அந்த ஓட்டம் நின்றது. ஏன் நின்றது என்பதற்கு இத்தாலியின் தென்கோடி மாகாணமான கலாப்ரியாவின் கடற்கரையில் இருக்கும் ஜோயா தௌரோவைப் பார்த்தால் போதும். 1970-ல் மாகாணத் தலைநகர் தங்களுக்கு இல்லை என்றானதும் அதே கலாப்ரியாவின் ரெஜ்ஜோ நகரத்தில் மாதக்கணக்கில் கலவரம் நடந்தது. அதைத் தணிக்க ரோம் ஓர் இரும்பாலையை வாக்குக் கொடுத்தது. அங்கே இரும்புத் தாதும் கிடையாது, நிலக்கரியும் கிடையாது. உருக்கை வாங்கும் தொழிலும் பக்கத்தில் இல்லை. ஆரஞ்சுத் தோப்புகளையும் ஒலிவத் தோப்புகளையும் வெட்டிச் சாய்த்தார்கள். ஆலைக்கென்று பெரிய துறைமுகம் தோண்டினார்கள். அதற்குள் உலக உருக்குச் சந்தை சரிந்துவிட்டது, ஆலை வரவேயில்லை. துறைமுகம் சும்மா கிடந்து, 1995-ல் கன்டெய்னர் துறைமுகமாக உயிர் பெற்றது. இன்று மத்தியதரைக் கடலின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. ஆனால் வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகின்றன. கலாப்ரியாவுக்கு அதில் கிடைப்பது துறைமுகக் கூலி மட்டும்.

அந்த வட்டாரத்தில் என்ன விளைகிறது, யாருக்கு என்ன தெரியும் என்று அங்கிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கலவரத்தை அடக்கக் கொடுத்ததை வளர்ச்சித் திட்டம் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஒன்றியத்தின் நிதியில் இந்த நோய் வேறு வடிவத்தில் வருகிறது. பணம் எப்படிக் கைக்கு வருகிறது என்று பாருங்கள். மிகவும் பின்தங்கிய வட்டாரத்தில் திட்டச் செலவில் 85 சதவீதம் வரை ஒன்றியம் தரும். மீதியை உள்ளூரோ மாநிலமோ போட வேண்டும். முன்பணம் கொஞ்சம் உண்டு. மற்றதெல்லாம் முதலில் செலவு செய், பில்லைக் காட்டு, பிறகு வாங்கிக்கொள் என்ற ரகம். ஒதுக்கிய பணத்துக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் கணக்குக் காட்டாவிட்டால் அது ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கே திரும்பிவிடும். சென்ற திட்டக் காலத்தில் இந்தக் கெடு மூன்று ஆண்டு. இப்போது நாலு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன நகராட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். திட்ட அறிக்கை, சுற்றுச்சூழல் அனுமதி, டெண்டர், டெண்டரில் தோற்றவர் போடும் வழக்கு, தணிக்கை. தொழிற்பயிற்சி மையம் நடத்த ஐந்து ஆண்டு யோசிக்க வேண்டும். நகர சதுக்கத்துக்குக் கல் பதிக்க வரைபடம் ஏற்கனவே அலமாரியில் இருக்கிறது. கெடு நெருங்கும்போது எது ஜெயிக்கும்? உள்நாட்டுப் பணத்தில் முன்பே தொடங்கிய வேலையைப் பிறகு இந்தக் கணக்கில் கொண்டுவந்து சேர்ப்பதும் நடக்கிறது, விதிகளை மீறாமலேயே. செலவழித்த விகிதம் உயரும், அறிக்கையில் பச்சை விளக்கு எரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தலைக்கு உற்பத்தி ஒன்றிய சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நிதி பெறுவதில் முதல் வரிசை. தலைநகரம் பணக்காரனாகி மொத்த மாகாணத்தையும் மேலே தூக்கிவிட்டால், சுற்றியிருக்கும் ஏழை மாவட்டங்களுக்கும் வரிசை போய்விடும். அதனால் வார்சாவைச் சுற்றிய பகுதியைத் தனியாக வெட்டி எடுத்து, மிச்சத்தைத் தனி வட்டாரமாகக் கணக்கில் காட்டியது போலந்து. ஹங்கேரி புடாபெஸ்டை அப்படிப் பிரித்தது. அவர்களுக்கெல்லாம் முன்னோடி அயர்லாந்து. நாடு மொத்தமும் வரம்பைத் தாண்டப்போகிறது என்றதும் 1999-ல் மேற்கையும் எல்லைப்புறத்தையும் தனி வட்டாரமாக்கிக்கொண்டது. இதைத் தந்திரம் என்று திட்ட எனக்கு மனமில்லை. வார்சாவிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு வார்சாவின் சராசரியால் என்ன பயன்?

இனி ‘மனிதன் போகட்டுமே’ என்ற உங்கள் வாதம். போகத்தான் போகிறார்கள். 1980-களின் இறுதியில் 90 லட்சத்தை எட்டிப் பிடித்த பல்கேரியாவின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். பிறப்பு குறைந்தது ஒரு காரணம், ஊரை விட்டுப் போனது இன்னொன்று. நாட்டின் வடமேற்கு மூலையில் டான்யூப் கரையில் வீதின் என்ற நகரம். ஒன்றியத்தின் மிக ஏழையான வட்டாரங்களில் ஒன்றில் இருக்கிறது. எதிர்க்கரையில் ருமேனியாவின் கலாஃபாத். 2013 வரை இடையில் படகுதான், லாரிகள் வரிசையில் காத்துக் கிடக்கும். ஒன்றியப் பணத்தோடு பாலம் கட்டினார்கள். அந்த இரு நாடுகளுக்கும் இடையே டான்யூபின் மேல் அது இரண்டாவது பாலம். முதலாவது 1954-ல் வந்தது. லாரிகள் இப்போது நிற்காமல் போகின்றன. வீதினின் மக்கள்தொகை இறங்கிக்கொண்டே இருக்கிறது. பாலம் வீண் என்று நான் சொல்லமாட்டேன், அது வேண்டியதுதான். ஆனால் பக்கத்தில் தொழிலும் கல்லூரியும் வராமல் பாலம் மட்டும் வந்தால், அது வெளியே போகும் வழியையும்தான் சுலபமாக்கும்.

போகிறவர் யார் என்பதையும் பாருங்கள். இருபத்தைந்து வயதுக்காரர், நர்ஸ், எலக்ட்ரீஷியன். அவர்களுடைய படிப்புக்குச் செலவு செய்தது ஏழை ஊர், வரி கட்டுவது பணக்கார ஊரில். மிஞ்சுபவர்கள் வயதானவர்கள். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடம் மூடினால், இருக்கிற இளம் குடும்பமும் கிளம்பிவிடும். குடிநீர்க் குழாயும் சாலையும் மட்டும் அதே நீளத்துக்கு இருக்கும், பராமரிப்புச் செலவும் குறையாது. ஆளுக்கு வழிச்செலவு கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். விட்டுப்போன ஊரின் செலவை யாராவது கட்டியாக வேண்டுமே. இன்னொன்று: பாதிப் பேர் போய்விட்டால் தலைக்கு உற்பத்தி உயரவும் கூடும். அறிக்கையில் அது முன்னேற்றம்.

உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் ஓர் உதாரணத்தை நானே தருகிறேன். வேல்ஸின் எப் வேல் நகரத்தில் 2002-ல் இரும்பாலை மூடியது. அந்தப் பகுதிக்கு ஒன்றியத்தின் பணம் வந்துகொண்டே இருந்தது. 2008-ல் பயணிகள் ரயிலும் மீண்டும் ஓடியது. பிரிட்டனின் 2016 வாக்கெடுப்பில் அந்த மாவட்டத்தின் 62 சதவீதம் பேர் ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள். நன்றிகெட்டவர்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அது அபத்தமாகப் பட்டது. ஆலை கொடுத்த சம்பளம் போனது போனதுதான். அதற்குப் பதிலாகக் கட்டடமும் கட்டடத்தின் வாசலில் ‘ஒன்றியப் பணம்’ என்று சொல்லும் நீலப் பலகையும் வந்தால் வாக்கு எதற்கு மாற வேண்டும்?

இந்தக் கொள்கையை அதனால் கைவிடச் சொல்லமாட்டேன். ஊர் அலுவலகத்தில் திட்டம் போடத் தெரிந்த ஆட்களை உருவாக்குவதற்கும் அவர்களைப் பத்து ஆண்டு அங்கேயே வைத்திருப்பதற்கும் முதல் பணம் போக வேண்டும் என்பேன். கல்லும் தாரும் அதற்குப் பிறகு. செலவழித்த விகிதத்தை வைத்து மதிப்பெண் போடுவதையும் நிறுத்த வேண்டும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. 2025 ஜூலையில் ஆணையம் வைத்த முன்மொழிவு நீங்கள் சொன்னதுதான்: 2028 முதல் வட்டார நிதி, விவசாய நிதி எல்லாம் சேர்ந்து நாட்டுக்கு ஒரே திட்டம். தோல்வியை ஒப்புக்கொள்வதாக அதை நான் படிக்கவில்லை. நிர்வாக வசதிக்காகச் செய்வதாகவே தெரிகிறது. பாதுகாப்பு, தொழிற்போட்டி என்று புதுச் செலவுகள் வரிசையில் நிற்கின்றன, பணத்தை எளிதாக இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. பல வட்டாரங்கள் இதை எதிர்க்கின்றன, அவை பயப்படுவது நியாயம். ஜோயா தௌரோவில் இரும்பாலை வேண்டும் என்று முடிவு செய்தது ரோம். மீண்டும் தலைநகரங்களின் மேசைக்கே எல்லாவற்றையும் அனுப்பினால், வீதினுக்கு என்ன வேண்டும் என்று பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.