பகிர்ந்தவர் பூஜ்யம் என்றால்…

கேள்வி: திருப்பூரில் ஊசி வழியே போதை எடுப்பவர்களுக்குப் புது ஊசி கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கும் திட்டத்தில் பதிவேடு பார்க்கிறேன். 'ஊசியைப் பகிர்ந்தவர்' கட்டத்தில் மாதாமாதம் பூஜ்யம்தான் வருகிறது. களப்பணியாளர்களுக்கு மறுபடி பயிற்சி கொடுக்கலாமா?

பதில்: பயிற்சி அப்புறம் இருக்கட்டும். முதலில் ஒரு நாள் அவர்களோடு போய், கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்று காதால் கேளுங்கள். "ஊசியைப் பகிர்ந்துகொண்டீர்களா?" என்றால் யாராக இருந்தாலும் "இல்லீங்க" என்றுதான் சொல்வார்கள். அது பொய்யும் அல்ல. ஊசி தனித்தனிதான், ஆனால் வலி மாத்திரையைக் கரைத்த மூடி ஒன்று, தண்ணீர் ஒன்று, வடிகட்டிய பஞ்சு ஒன்று. கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி பரவ அதுவே போதும். "கடைசியாகப் போட்டபோது கூட யார் இருந்தாங்க? மாத்திரையை எதில் கரைச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், கதையே வேறு மாதிரி வரும்.

'போன மாதம் எத்தனை தடவை' என்ற கேள்வியை எடுத்துவிடலாம். யாருக்கும் நினைவிருக்காது, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். நேற்றைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் பனியன் கம்பெனிகளில் பலருக்குச் சனிக்கிழமை சம்பளம். ஞாயிறன்று மட்டும் கேட்டால் கணக்கு வீங்கும், வியாழனன்று மட்டும் கேட்டால் வற்றும். கேட்கும் கிழமையை மாற்றிக்கொண்டே இருங்கள்.

பூஜ்யத்துக்கு இன்னொரு காரணம் படிவத்திலேயே இருக்கலாம். 'இல்லை', 'சொல்லவில்லை', 'கேட்கவில்லை' மூன்றுக்கும் தனிக் கட்டம் உண்டா? இல்லையென்றால் மாதக் கடைசியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிரப்புகிறவர் எல்லாவற்றுக்கும் பூஜ்யம்தான் போடுவார். பகிர்ந்தவர் எண்ணிக்கை ஏறினால் திட்டு விழும் என்ற பயமும் அவருக்கு உண்டு. அந்தப் பயத்தைப் பயிற்சி போக்காது. ஏறிய மாதத்தில் நீங்கள் திட்டாமல் இருந்தால்தான் போகும்.

ஒரே ஆள் இரண்டு இடங்களில் பதிவாவதைத் தடுக்க ரகசியக் குறியீடு வையுங்கள். பெயர்ப் பட்டியல் வேறு பீரோவில், பூட்டோடு இருக்கட்டும். எச்ஐவி தகவல் உள்ள பதிவேடுகளுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்வது 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி கட்டாயம்.

திரும்பி வரும் ஊசிகளைக் கையால் எண்ணவே வேண்டாம், குத்திவிடும். காலிப் பெட்டியின் எடையைக் குறித்து வைத்து, நிரம்பியதும் தராசில் போட்டுத் தோராயமாகக் கணக்கிடுங்கள். பதிவேட்டிலும் 'எடைக் கணக்கு' என்றே எழுதுங்கள்.