கோல்டன் மைல் கட்டடம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சிங்கப்பூர் பீச் ரோட்டில் 1973 முதல் நிற்கும் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2022இல் மொத்தமாக விலைபோனது. அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் கடைக்காரர்களும் குடியிருந்தவர்களும் காலி செய்தார்கள். உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து முழுக் கட்டடத்தையும் விற்கும் கூட்டு விற்பனையின் காகிதங்களோடு புழங்குவது என் பிழைப்பு என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். ஒரே விஷயத்தைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஈசூன்வாசி: அண்ணா, இடிக்கிறார்களா இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இடிக்கவில்லை. 2021 அக்டோபரில் நகர மறுசீரமைப்பு ஆணையம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்துவிட்டது. பழைய கட்டடத்தைப் புதுப்பித்து அலுவலகமும் கடைகளுமாக ஆக்குகிறார்கள். அதே நிலத்தில் ‘ஆரியா’ என்ற 45 மாடி வீட்டுக் கோபுரம் வருகிறது, 188 வீடுகள். கோல்டன் மைல் டவர் வேறு கட்டடம். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் உணவு நிலையமும் வேறு. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டுதான் பாதி வதந்தி கிளம்புகிறது.

கட்டடக்கலை மாணவி: வகுப்பில் ஓயாமல் புகழ்கிறார்கள். எனக்கு அழுக்குப் படிந்த சிமெண்ட் மேடுதான் தெரிகிறது, சார். அப்படி என்ன இருக்கிறது?

கடற்பக்கம் போய்ப் பாரம்மா. மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேரே ஏறாமல் படிப்படியாகப் பின்வாங்கும். அதனால்தான் அங்கே வீடுகளுக்குத் திறந்த மாடமும் வானமும் கிடைத்தன. கீழே கடை, நடுவே அலுவலகம், மேலே வீடு என்று 16 மாடிக்குள் ஒரு சிறு ஊரையே அடக்கினார்கள். இன்று எல்லாக் கட்டுமான நிறுவனமும் விளம்பரம் செய்யும் ‘ஒரே இடத்தில் எல்லாம்’ என்ற யோசனையை, இன்று டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் என்று அறியப்படும் குழு அன்றே கட்டிக் காட்டிவிட்டது. வில்லியம் லிம், டே கெங் சூன், கான் எங் ஊன் ஆகிய மூவரின் பெயரையும் குறித்துக்கொள். பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸும் அதே நிறுவனத்தின் வேலைதான்.

அழுக்கு உண்மைதான், மறுக்கவில்லை. மாடங்களைத் தகரத்தாலும் கண்ணாடியாலும் பலகையாலும் ஆளுக்கொரு விதமாக அடைத்துவிட்டார்கள். 2006இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் ஐவன் பிங் இதைத் தேசிய அவமானம் என்றே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

தெம்பனிஸ் அக்கா: நல்ல இடத்தில் இருந்த கட்டடம் ஏன் தம்பி இப்படிச் சீரழிந்தது? விவோசிட்டி கடைத்தொகுதி மட்டும் பளபளவென்று இருக்கிறதே.

அக்கா, நீங்கள் கேட்டிருப்பதுதான் அடிப்படைக் கேள்வி. விவோசிட்டிக்கு உரிமையாளர் ஒருவர். எந்தக் கடை எந்த மாடியில், எப்போது கூரையை மாற்றுவது என்று அவரே முடிவெடுப்பார். கோல்டன் மைலில் 700க்கு மேற்பட்ட யூனிட்டுகள் தனித்தனியாக விற்கப்பட்டவை. ஒருவர் பயண முகவருக்கு வாடகைக்கு விடுவார், அடுத்தவர் மதுக்கூடத்துக்கு, மூன்றாமவர் பூட்டிப் போட்டுவிட்டு ஆஸ்திரேலியாவில் இருப்பார். நடைபாதை, மின்தூக்கி, கழிவறை, குழாய் எல்லாம் பொது. அவற்றைப் பழுதுபார்க்க, உரிமையாளர்கள் எல்லாரும் அடங்கிய நிர்வாகக் கழகம் கூட்டம் போட்டு எல்லாரிடமும் பணம் வசூலிக்க வேண்டும். சிறப்புக் கட்டணம் என்று வாய் திறந்தால் கூட்டத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குத்தகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1969இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை அது. விற்றபோது பாதிக்கும் குறைவாகவே மிச்சம் இருந்தது. ஆண்டுகள் குறையக் குறைய வங்கி கடன் தரத் தயங்கும், வாங்க வருகிறவரும் விலையை அடிப்பார். போகிற சொத்துக்கு எதற்குச் செலவு என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் ஒழுகுகிற குழாய் ஒழுகியபடியேதான் இருக்கும்.

ஜோகூர் பாரு தம்பி: அது ஏன் தாய்லாந்துக்காரர்கள் இடமாக ஆனது? நாங்கள் பஸ் ஏறத்தான் போவோம்.

பஸ்தான் காரணமே. தென் தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போகும் சொகுசுப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்பின. 1980களில் கட்டுமான வேலைக்கு வந்த தாய்லாந்துத் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடினார்கள். அவர்களை நம்பிப் பணம் அனுப்பும் கடை, மளிகை, முடிதிருத்தகம், மேசையிலேயே இறைச்சி சுட்டுச் சாப்பிடும் மூகாட்டா உணவகம், இரவு நடனக்கூடம் எல்லாம் வந்தன. நம் ஆட்களுக்கு அது ஈப்போவுக்கும் பினாங்குக்கும் டிக்கெட் எடுக்கிற இடம். தீபாவளிக்கு ஊர் போகப் பெட்டியோடு அந்த வாசலில் நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள்.

கணக்கு வாத்தியார்: முதலில் 800 மில்லியன் கேட்டார்களாமே. பிறகு 700 மில்லியனுக்கு எப்படி இறங்கினார்கள்?

2018 இறுதியில் 800 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏலத்துக்கு விட்டார்கள். ஒருவரும் வரவில்லை. ஆணையம் கட்டடத்தைப் பாதுகாக்க யோசிக்கிறது என்பது அதற்குள் தெரிந்துபோயிருந்தது. இடிக்க முடியாத கட்டடத்துக்கு அந்த விலை யார் கொடுப்பார்? 2021 பாதுகாப்பு அறிவிப்போடு அரசு சில சலுகைகளும் தந்தது: கூடுதலாக மூன்றில் ஒரு பங்கு தளப்பரப்பு, குத்தகையை மறுபடி 99 ஆண்டாக நீட்டிக்க வழி. ஆரியா கோபுரம் அந்தக் கூடுதல் பரப்பில் பிறந்ததுதான். பெரென்னியல், சினோ லேண்ட், ஃபார் ஈஸ்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 700 மில்லியனுக்கு வாங்கின. 728 மில்லியனுக்கு 2018இல் விலைபோன பேர்ல் பேங்க் அடுக்குமாடிக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அதை இடித்தே விட்டார்கள்.

பீச் ரோட்டுக்காரன்: நான் 11 வருஷம் அங்கே வாடகைக்குக் கடை வைத்திருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டத்தில் எங்களுக்கு இடமே இல்லையா?

இல்லை. சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. கட்டி 10 ஆண்டு கடந்த கட்டடமென்றால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒதுக்கிய பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 விழுக்காட்டுக்கு உரிய உரிமையாளர்கள் கையெழுத்திட்டால் விற்கலாம். மறுக்கும் உரிமையாளர் அடுக்குமாடிச் சொத்து வாரியத்துக்கும் பிறகு உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். வாடகைக்காரர் விற்பனையை எதிர்த்து இரண்டுக்குமே போக முடியாது. உங்கள் கையில் இருந்தது வாடகை ஒப்பந்தத்தின் மிச்ச மாதங்கள் மட்டும்.

80 விழுக்காட்டு விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் ஒரே ஒருவரின் பிடிவாதத்தில் ஊரெல்லாம் ஒழுகும் கட்டடங்கள் நின்றிருக்கும். ஆனால் அந்த இடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வாடகைக்காரர்கள். பாதுகாப்பு அறிவிப்பு வெளித்தோற்றத்தையும் கட்டமைப்பையும் காக்கும். மூகாட்டா கடை திரும்பி வரவேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. புதுப்பித்த இடத்தின் வாடகையை அந்தக் கடைகள் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

புக்கிட் பாத்தோக் பாட்டி: விற்றவர்களுக்கு மட்டும் சந்தோஷமா?

பாதிப் பாதி, அம்மா. வயதான முதலாளிகளுக்கு நிம்மதி. பிள்ளைகள் கடையை எடுத்து நடத்தப் போவதில்லை, மின்தூக்கி பழுதானால் ஏறவும் முடியாது. குடியிருந்தவர்கள் பாடு வேறு. கையில் வந்த பணத்துக்கு நகர நடுவில் அதே அளவு வீடு கிடைக்காது. கடைசி வாரங்களில் உணவகங்களில் வரிசை நின்றது. படம் எடுக்க வந்த இளைஞர் கூட்டம் வேறு. பத்து வருஷம் முன்னால் இதே கூட்டம் வந்திருந்தால் பாதிக் கடைகள் இன்னும் நன்றாக ஓடியிருக்கும் என்று எரிச்சல்பட்டவர்களும் உண்டு. அவர்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

ஜுரோங் ரவுடி: பழசுக்கு அழுவதே உங்கள் வேலை.

மேலே 80 விழுக்காடு பற்றி எழுதியதை இன்னொரு முறை படியுங்கள்.

சமையல் பிரியை: அந்தத் தாய் சூப்பர்மார்க்கெட் எங்கே போனது?

கல்லாங் பக்கம் அபீரியா கடைத்தொகுதிக்கு. சில கடைகள் பக்கத்துக் கோல்டன் மைல் டவருக்கே மாறிக்கொண்டன.

சைனாடவுன் மருமகன்: மாமாவுக்கு வேறொரு பழைய கடைத்தொகுதியில் கடை இருக்கிறது. கூட்டு விற்பனைக்குக் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பங்கு மதிப்புப்படியா, பரப்பளவுப்படியா, மதிப்பீட்டுப்படியா, மூன்றையும் கலந்தா என்பதைப் பொறுத்து அதே கடைக்குக் கிடைக்கும் தொகை நிறைய மாறும். கடையும் வீடும் கலந்த கட்டடங்களில் பெரிய சண்டை வருவது இங்கேதான். தரைத்தளக் கடைக்காரரும் மேல்மாடி வீட்டுக்காரரும் ஒரே கணக்கை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

வழக்கறிஞர் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். அவரிடம் கேள்வி கேட்க மாமா கூச்சப்பட வேண்டாம். போட்ட பிறகு மனம் மாறினால் 5 நாளுக்குள் எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம், அதுவும் ஒரே முறைதான். முதல் கையெழுத்திலிருந்து 12 மாதத்துக்குள் 80 விழுக்காடு சேராவிட்டால் ஒப்பந்தம் காலாவதியாகும். கடையில் வாடகைக்காரர் இருந்தால் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சட்டப்படி அது மாமாவின் கடமையா என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்லிவிடுங்கள்.