கொட்டிய இடத்தை மட்டும் பார்த்தால் போதாது

கேள்வி: புளியமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த என் ஐந்து வயது மகனின் புறங்கையில் தேனீ கொட்டிவிட்டது. என் மாமியார் உடனே சுண்ணாம்பு தடவினார். வலி அடங்கினாலும், மறுநாள் முழங்கை வரை வீங்கிவிட்டது. சுண்ணாம்பு தடவியது சரியா? தேள் கொட்டினாலும் இதையே செய்யலாமா?
– ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: வீக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். தேனீ விஷத்துக்குச் சில குழந்தைகளின் உடல் இப்படிப் பெரிதாக வீங்கிக் காட்டும். இரண்டு நாட்கள் வரை கூடி, ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் தானாக வடிந்துவிடும். காய்ச்சலோ சீழோ இல்லாதவரை ஆன்டிபயாடிக் மருந்து தேவைப்படுவதில்லை.

சுண்ணாம்பு வேண்டாம். அது காரத்தன்மை உடையது. பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கிவிடக்கூடும். அதைத் தேடி அடுக்களைக்கு ஓடும் நேரம் அதைவிடப் பெரிய இழப்பு. தேனீயின் கொடுக்கில் முட்கள் இருப்பதால் அது விஷப்பையோடு தோலிலேயே தங்கி, தேனீ பறந்துபோன பின்னும் விஷத்தை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும். ஆகவே கறுப்புத் துரும்பு போலத் தெரியும் அந்தக் கொடுக்கை நகத்தால் வழித்தோ பிடுங்கியோ உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே முக்கியம். குளவியும் கதண்டும் பொதுவாகக் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து, வீக்கம் ஏறுமுன் காப்பையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். வலிக்கு, எடைக்கேற்ற அளவு பாரசிட்டமால் போதும்.

கொட்டிய முதல் அரை மணி நேரம் குழந்தையை விட்டு அகலாதீர்கள். கொட்டாத இடங்களிலும் தடிப்பு எழுவது, உதடோ நாக்கோ வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். இத்தகைய கடும் ஒவ்வாமையில் உயிர் காப்பது தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே. அரிப்புக்கான சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்தானது. கூட்டமாகக் கொட்டியிருந்தால், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தேளின் கதை வேறு. பார்க்கவே பயமுறுத்தும் பெரிய கருந்தேளைவிடச் சிறிய செந்தேள்தான் குழந்தைகளுக்கு எமன். கொட்டிய இடம் கடுகடுவென வலித்து, குழந்தை வீறிட்டு அழுதால் ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். வலி அதிகமில்லாமல் உடல் வியர்த்து, கைகால் சில்லிட்டு, வாந்தி எடுத்தால், விஷம் இதயத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மகாராஷ்டிராவின் மகாட் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்துக்குப் பயன்படும் பிரசோசின் என்ற விலை மலிந்த மாத்திரை இதற்கு உதவும் என்று 1980-களில் எடுத்துக்காட்டினார். அதை மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும் என்பதால், தேள் கொட்டிய குழந்தையை அழுகை நிற்கட்டும் என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். கயிறு கட்டுவதும் கீறி இரத்தம் எடுப்பதும் கூடவே கூடாது.

தேள் தங்குவது விறகுக் குவியலிலும் செங்கல் அடுக்கிலும் மட்டுமன்று. இரவெல்லாம் திண்ணையில் கிடக்கும் பள்ளிக்கூட ஷூவுக்குள்ளும் அது புகுந்துகொள்ளும். காலையில் அதைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிய பிறகே குழந்தையின் காலில் மாட்டுங்கள்.